ஓட்டாமல் விட்ட ஒன்பதாம் ரீல்

டூரிங் கொட்டகை ஆபரேட்டர் எல்லாப் படத்தையும் ஓட்டுவான், ஒன்றையும் பார்க்கமாட்டான். என்னைப் போன்ற ராத்திரிப் பிழைப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெட்டி வந்தது

யுத்த காலம். வெண்ணந்தூரில் முகாம். சாமி படம் கேட்டிருந்தோம். சேலத்தில் மூன்றே நாளில் சுருண்ட ஒரு சமூகப் படம் வந்து சேர்ந்தது. தபால்காரன் கதையாம். பாட்டு நாலு, சண்டை பூஜ்யம். பெட்டியைத் திறக்குமுன்பே காப்பிக்கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை வாயாலேயே கிழித்தேன். பள்ளிக்கூடம் போகாமலே இங்கிலீஷ் கற்றவன், நாலு பத்திரிகை விமரிசனம் வாசித்தவன் என்ற மிதப்பு. கேட்டுக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார்: "ஓட்டற நீங்களே இப்படிச் சொன்னா, நாங்க எதுக்குங்க காசு குடுத்து வரோணும்?"

ஒரு ரீல் குறைந்தது

புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிக்கு அப்போது பஞ்சம். ஆட்டத்துக்கு ஒரு ரீலை விட்டுவிடு என்றார் முதலாளி. ஒன்பதாம் ரீல் டப்பாவின் மேல் 'பாட்டு இல்லை, பேச்சு இல்லை' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதையே விட்டேன்.

எட்டாம் ரீலில் தபால்காரன் ஓர் அம்மாளுக்கு வந்த கார்டைப் பைக்குள் மறைக்கிறான். பத்தாம் ரீலில் அந்த அம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். திருடனுக்கு எதற்கடா கும்பிடு என்று கொட்டகையே ஊளையிட்டது. எடுத்தவனுக்குப் பைத்தியம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கேட் பார்க்கும் செங்கோடன் ஓடிவந்தான்: "ஒரு ரீல் போனது ஒருத்தருக்கும் தெரியலீங்கண்ணா. இன்னொன்னையும் எடுத்துப்போடலாங்களா?"

மெய்யான தபால்காரர்

மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளூர்த் தபால்காரர் என்னைத் தேடி வந்தார். ஒரு கார்டுகூடத் தவறவிடாத மனுஷர். படம் பார்த்த ஜனம் இப்போது அவரை வழிமறித்துப் பையைச் சோதிக்கிறதாம். "எம்பட பேரே போச்சுங்க. மேலாபீசுக்குப் புகார் எழுதப் போறாங்களாம். அந்தாளு எதுக்குங்க கார்டை மறைச்சான்? படத்துல ஒரு எடத்துலகூடக் காட்டலீங்களா?" என்றார்.

விட்ட ரீலைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த டப்பாவைக் கையில் எடுத்தார். "ஒரு கார்டை ஒரு நாள் நிறுத்தி வெச்சா எனக்கு வேலை போயிருமுங்க. நீங்க மூணு நாளா மறைச்சு வெச்சிருக்கறீங்களே!"

மாட்டினேன்

அன்று முதலாளிக்குத் தெரியாமல் ஒன்பதை மாட்டினேன். புரொஜெக்டர் அறையின் துவாரத்தில் முகத்தை வைத்து, என் ஆயுளில் முதல் முறையாக ஒரு ரீலை முழுசாகப் பார்த்தேன். அந்த அம்மாள் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். தபால்காரன் கையில் கார்டு. மூலையில் கறுப்பு மை. வெளியூர் போன மகனின் சாவுச் செய்தி. தாலி ஏறும்வரை பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். கொட்டகையில் ஒரு பீடி நெருப்புக்கூட அசையவில்லை. கார்பன் தேய்ந்து திரை மங்கியதை நான் கவனிக்கவில்லை, ஒருவனும் விசிலடிக்கவுமில்லை. நான் காப்பிக்கடையில் கிழித்த படம் இதுதான்!

மறுநாள் தபால்காரரை வழியில் நிறுத்தி, பேர் திரும்பி வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சுங்க. இப்பத் தெருவுக்குத் தெரு கையைப் புடிச்சுக்கிட்டு அழுவறாங்க. 'எங்க ஊட்டுக்கும் மை தடவுன கார்டு எதாச்சும் வந்து, நல்ல மனசுல மறைச்சு வெச்சிருக்கறீங்களா சாமி'ங்கறாங்க."

மோசம் என்று நான் தள்ளிய படங்களில் எத்தனை என் கைபட்டு மோசமானவை என்று யோசிக்காமலிருப்பதுதான் ராத்திரி வேலைக்காரனின் பகல் தூக்கத்துக்கு நல்லது.