இசக்கிமுத்து மாற்றிய கேட்வே மோடு

இசக்கிமுத்து அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ரொம்ப நல்லவர் என்று யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு வரவும் வேண்டாம். ஆறு வருடம் அவருடைய கண்ணாடி அறைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரித்தவள் நான்.

கோவில்பட்டிப் பக்கத்து ஆள். திருப்பூருக்கு வந்த புதிதில் பனியனில் நூல் பிசிறு வெட்டினார். பிறகு கட்டிங் மேஜை, பிறகு ஆபீசில் பில் அடிக்கிற கம்ப்யூட்டர். அதைக் கழற்றி மாட்டியே எல்லாம் கற்றுக்கொண்டார். 2008இல் எங்கள் கம்பெனி சர்வர் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. படிப்பு என்னவோ பத்தாவதோடு சரி. முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் அக்கா மகன் சுரேந்தர் பி.இ. முடித்துவிட்டு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு தப்பு போதும் தரணி, மறுபடியும் கத்திரியக் கையில குடுத்துருவாங்க" என்பார் அண்ணன். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

அந்த வருடம் புது சர்வர்கள் வந்தன. சர்வர் வயர்களை இணைக்கும் பழைய சுவிட்ச் பெட்டியை, கேட்வே மோடு என்கிற வேறு முறைக்கு மாற்ற வேண்டும் என்று கோயமுத்தூர் இன்ஜினியர் போனில் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சர்வரிலிருந்து வரும் வயர்கள் சுவிட்சில் சில துளைகளில் ஏறும். டேட்டா இருக்கிற ஸ்டோரேஜுக்குப் போகும் வயர்கள் வேறு துளைகளில் இருக்கும். எந்தத் துளை எந்தத் துளையோடு பேச வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் போர்ட் மேப்பிங். மோடை மாற்றினால் சுவிட்ச் பழைய அமைப்பையெல்லாம் அழித்துவிடும். அதனால் முதலில் பேக்கப், அப்புறம் மோடு, கடைசியில் மேப்பிங்.

அண்ணன் அந்த வேலையை ஆயுத பூஜையன்று பகல் பதினொரு மணிக்கு எடுத்தார். எங்கள் பக்கம் பூஜைக்கு வைத்த மிஷினை மறுநாளும் தொடமாட்டோம். தையல் மிஷினுக்கு என்ன சட்டமோ சர்வருக்கும் அதே சட்டம். முதலாளியம்மா நஞ்சம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"அணைச்சுப் போடுங்க இசக்கி. நல்ல நேரம் முடியப் போகுதுங்க."

அண்ணன் பேக்கப் எடுக்கவில்லை. மோடை மட்டும் அவசரமாக மாற்றிவிட்டு எல்லாவற்றையும் அணைத்தார். "மேப்பிங்க வெள்ளிக்கிழமை வெள்ளன வந்து பாத்துக்கிடுதேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டிங் பூஜைக்குக் கீழே போனார். அறையைத் துடைக்கும் வேலையை முதலாளியம்மா மாரக்காளுக்குக் கொடுத்தார். மாரக்காள் மூலனூர்க்காரி, கூட்டிப் பெருக்குகிறவள். புருஷன் இல்லை. வயர்களுக்குப் பின்னால் இருக்கிற தூசியும் போக வேண்டும் என்று அம்மா சொன்னதால், ஆரஞ்சு வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை சர்வர்கள் எழுந்தன, ஸ்டோரேஜ் தெரியவில்லை. சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். ஒரு பேக்கிங் லிஸ்ட்கூட அச்சாகவில்லை. பழைய மேப்பிங் எதுவென்று அண்ணனுக்கே மனப்பாடமாகத் தெரியாது. எழுதியும் வைக்கவில்லை. சர்வர்கள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு வயரிலும் ஒரு சைஸ் ஸ்டிக்கர். அதே ஸ்டிக்கர் அது சொருகியிருந்த துளைக்குப் பக்கத்திலும். எஸ், எம், எல், எக்ஸ்எல், சின்னப் பிள்ளைகளுக்கான ரெண்டு, நாலு, ஆறு. மாரக்காள் முன்பு பேக்கிங்கில் கவருக்கு ஸ்டிக்கர் ஒட்டினவள். கழற்றுவதற்கு முன் ஜோடி ஜோடியாக ஒட்டி, அதே ஜோடியாக மாட்டியிருக்கிறாள். ஒரு வயர்கூட இடம் மாறவில்லை; தப்பு வயரில் இல்லை என்பதற்கு அந்த ஸ்டிக்கர்களே சாட்சி.

படிக்கட்டில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தார். நகத்தால் சுரண்டி, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதையும் பார்த்தார். நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். நானும்தான் என்னைக் கேட்கிறேன். பயம்கூட இல்லை. மரத்த கால் மாதிரி உள்ளே ஒன்றுமே இல்லை.

"வயரை எல்லாம் யாரப்பா கழட்டுனது?" என்று, வயர்கள் மாறியிருப்பதாக அண்ணன் சொன்னதும் முதலாளி கேட்டார்.

"நான்தானுங்க. ஸ்டிக்கர் ஒட்டி வெச்சுத்தானுங்க கழட்டுனேன்" என்றாள் மாரக்காள்.

முதலாளி பின்னால் போய்ப் பார்த்தார். அவளும் கூடவே போய்ப் பார்த்தாள். குனிந்து தரையில்கூடத் தேடினாள்.

"ஒட்டுனேனுங்களே" என்றாள். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இன்ஜினியரைப் போனில் வைத்துக்கொண்டு அண்ணன் ஒவ்வொரு துளையாக முயன்று, மூன்று மணிக்கு மேப்பிங்கை எழுதி முடித்தார். கன்டெய்னர் கிளம்பியது. முதலாளி எல்லார் முன்னாலும் அவர் தோளைத் தட்டினார். சுரேந்தரைச் சாயப்பட்டறைக் கணக்குக்கு மாற்றினார்கள். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டார். நானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து திருப்பூர் ராயபுரத்தில் டீக்கடையில் நாங்கள் இருவரும் நிற்கும்போது மாரக்காள் வந்தாள். இளைத்திருந்தாள். நேராக அண்ணனிடம்தான் போனாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஒட்டுனதாட்டத்தானுங்க எனக்கு நெனப்பு. ஒட்டாமயே மாத்தி மாட்டிட்டனாட்ட இருக்குது. என்னால உங்களுக்குத்தான் அன்னிக்குச் செரமம்."

அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"வயசாகுதுல்லா அக்கா. மறதி வரத்தான் செய்யும்" என்றார்.

"ஆமாங் சார். அதுக்கு எந்த டாக்டருங்க பாக்கறது?" என்று கேட்டாள் மாரக்காள்.

அண்ணன் ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார். வழியும் சொன்னார். அவள் பெயரை மறந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.