செல்லத்துரை அண்ணை ஊற்றாத தேநீர்

ரெக்ஸ்டேலில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. “அப்பா மோசம் போயிட்டார், அன்ரி,” என்றாள் செல்லத்துரை அண்ணையின் மகள். சாவைக் கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னே கோபம்தான் வந்தது. அவருடைய வாயைப் பொத்தியவர்கள் இனி மாலையோடு வருவார்கள் என்று தெரியும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். கதிரை அடுக்குவார், வடை பரிமாறுவார். தேநீர் மட்டும் ஒருவருக்கும் ஊற்றிக் கொடுக்கமாட்டார். “நீங்களே ஊத்திக் குடியுங்கோ,” என்பார். கெப்பர் பிடித்த மனுசன், தலைக்கனம் என்று நானும்தான் நக்கலடித்திருக்கிறேன்.

ஒரு நவம்பரில், உலகப்போர் நினைவுநாளுக்குச் சங்கம் அவரைப் பேச அழைத்தது. பர்மாவில் பிரித்தானியப் படைக்கு லொறி ஓட்டியவர் அல்லவா, வெற்றிக் கதை சொல்வார் என்று தலைவர் நினைத்தார். அண்ணை சொன்னது வேறு. சரணடைந்த யப்பானியச் சிப்பாய்கள் லொறியில் ஏறப் பயந்து நின்றார்களாம். ‘தேநீர் கொடுத்து அவர்களை ஏற்று, ஒன்றும் செய்யமாட்டோம்’ என்றானாம் வெள்ளைக்கார அதிகாரி. இவரும் நம்பி ஊற்றிக் கொடுத்தார். ஆற்றங்கரையில் இறக்கியதும் அத்தனை பேரையும் சுட்டார்கள்.

“என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் ஏறினவங்கள்,” என்றார். அதற்குள் தலைவர் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஆட்களின் அகதி வழக்குகள் நடக்கிற நேரத்தில் வெள்ளைக்காரரின் மனதை நோகடிக்கலாமா என்பது தலைவரின் நியாயம். அண்ணை அவரிடம் ஒன்றுதான் கேட்டார். “எங்களைச் சுட்டதைச் சொல்லித்தானே தம்பி இஞ்ச இருக்கிறம்? நான் கண்டதை மட்டும் ஏன் சொல்லக்கூடாது?”

ஊரில் ஆமி எங்களுக்குச் செய்ததை ஒவ்வோர் அலுவலகமாகச் சொல்லித் திரிந்த சனம் நாங்கள். எங்களுக்காவது விளங்கும் என்று நம்பித்தான் மனுசன் அதைச் சொன்னார். ஆண்டு மலரில் ‘வெற்றி வீரர்’ என்று அவருடைய படத்தைப் போட்டார்கள். அதோடு அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

செத்தவீட்டுக்கும் அதே தலைவர் வந்தார். அண்ணையின் நெஞ்சில் போர் நினைவுக்கு அணிகிற சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திவிட்டு, வெற்றி வீரர் என்று மறுபடியும் முழங்கினார். படுத்திருக்கிற மனுசன் எழும்பி மறுக்கப்போவதில்லை என்ற துணிச்சல்! மகள் பூவைக் கழற்றினாள்.

எல்லாம் முடிந்து அண்ணையின் வீட்டுக்கு வந்தோம். தலைவர் என்னிடம் வெறும் கோப்பையை நீட்டினார். தேநீர்க் கேத்தில் என் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்தேன். அண்ணை எனக்கென்று விட்டுப்போனது ஒரேயொரு வசனம்தான். அதைத் தலைவருக்குச் சொன்னேன்.

“நீங்களே ஊத்திக் குடியுங்கோ.”