பிஸ்கட் வைத்த பெட்டி

அவளைத் தெரிந்தவர்கள் பிஸ்கட் அக்கா என்றுதான் சொல்வார்கள். வெளிச்சுவரில் விளக்கு மாட்டுவதென்றால், விளக்குக்குப் பின்னால் வயர்களை இணைக்கும் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பாள். அதற்குள் ஒரு பிஸ்கட்டை வைத்து மூடி, கால் மணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடிப்பாள். பிஸ்கட் மொறுமொறுவென்று இருந்தால்தான் கரண்ட்.

பதினோரு வருடக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியவளுக்கு, கால்நடை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிதான் முதல் பெரிய வேலை. வாசலிலிருந்து கூண்டுகள் வரை பத்து விளக்கு. இது கைநழுவினால் மறுபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

முன்பு யாரோ அறைக்குள் போடுகிற பெட்டியை வெளியே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அது துருவேறி, தூறல் விழுந்தாலே ஆஸ்பத்திரி இருண்டுவிடும்.

"ரப்பர் வளையம் வெச்ச கனமான பெட்டி இதும்மா. விளக்கோட எடையையும் தாங்கும், தண்ணியையும் விடாது," என்று தட்டிக் காட்டினாள்.

ஹோஸ் பிடிப்பது அவளுடைய வீட்டுக்காரர் பொறுப்பு. "வீட்டுச் செடிக்குக்கூட நான் இவ்வளவு தண்ணி ஊத்தினதில்ல."

"அதான் எல்லாம் வாடிக் கெடக்கு. பேசாம பிடிங்க."

மூடியைத் திறந்தாள். பிஸ்கட் கூழாகியிருந்தது. காலில் கட்டுப் போட்ட நாய் ஒன்று நொண்டி வந்து, சிந்தியதை நக்கித் தீர்த்தது.

"இவனுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "எனக்குத்தான் பயமா இருக்கு. நல்ல பெட்டின்னீங்களே?"

அவள் பெட்டிக்குள் இறங்கும் வயரை விரலால் தடவிப் பார்த்தாள். ஈரம் எங்கிருந்து வந்ததென்று புரிந்துவிட்டது. வயர் கூரையிலிருந்து இறங்குகிறதே, கிட்டேதானே என்று பெட்டியின் மேல்பக்கத்து ஓட்டையைத் திறந்திருந்தாள்.

"பெட்டி நல்லதுதான்மா. அவசரத்துல நான் பண்ண தப்பு இது. வயரைத் தலைவழியா விட்டுட்டேன்."

இன்னொரு பெட்டியை எடுத்தாள். வயரைப் பெட்டிக்கும் கீழே இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, அடிப்பக்கமாக உள்ளே ஏற்றினாள். வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிப் போகும்.

"மறுபடியும் கால் மணியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அரை மணி."

இந்த முறை டாக்டரம்மாவே திறந்து, பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தத்துக்கு நாய் காதைத் தூக்கியது.

"மத்த ஒன்பதையும் இதே மாதிரி கீழேருந்தே ஏத்துங்க," என்றார் வாய் நிறைய. "அடுத்த தடவை க்ரீம் பிஸ்கட்டா வைங்க."

வீட்டுக்காரர், யாரும் சொல்லாமலே, ஹோஸை அடுத்த தூணுக்கு இழுத்துக்கொண்டு போனார்.