கப்பல் வந்தாச்சு, தம்பி எங்கே?

கப்பலில் ஒருவனை அறைக்குள் அடைத்துவிட்டார்களாம்; மேலதிகாரியைத் தட்டால் அடித்தானாம்; நம் பாஷை பேசுகிறவனாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தன் கணவர் யாரிடமோ கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்தக் கப்பலில்தான் என் தம்பி வெயிட்டர். நான் குடியேறிய இந்த ஊருக்கு அவன் கப்பல் வருவது இதுதான் முதல் தடவை. நாலு வருடமாகப் பார்க்காத தம்பியைப் பார்க்க, காலையிலேயே தலை சீவித் தயாராக நின்றவள் நான்.

போன் போட்டேன்.

“அடிச்சியாடா?”

“யாரை?”

“மேலதிகாரியை. தட்டால.”

“ஐயோ அக்கா, தட்டு உடைஞ்சாலே பதில் சொல்லணும். அதால அடிச்சா நான் உயிரோட இருப்பேனா? எனக்கு வயித்தால போச்சு. அதான் தனியா அறையில வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.”

சமையலறைக் கூட்டாளிகளோடு பந்தயம் கட்டி, ஒரு கைப்பிடி பச்சை மிளகாயை மென்று தின்றிருக்கிறான். பந்தயத்தில் ஜெயம், வயிறு தோற்றது.

“மிளகாய்னு தெரியுதுல்ல? யார்கிட்டயும் சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே!”

“எல்லாரும் அதான் சொன்னாங்க. மிளகாயா கிருமியான்னு உள்ள போயா பாக்க முடியும்? போன தடவை ஒருத்தன் மறைச்சான். பாதிக் கப்பல் கக்கூஸ் வாசல்ல நின்னுச்சு. அவனை அடுத்த துறைமுகத்துல பெட்டியோட இறக்கி விட்டாங்க.”

அதனால் இவனே கப்பல் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டான். வயிறு சரியான பிறகும் இரண்டு நாள் தனி அறை. மதியம் டாக்டர் பார்த்து அனுமதித்தால்தான் கரையில் கால் வைக்கலாம். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும்.

இவனா இப்படி! வீட்டில் இவனுக்குப் பெயரே வாலு. பள்ளிக்கூடத்துக்குள் வாசல் வழியாகப் போன நாளைவிடச் சுவர் ஏறிக் குதித்த நாள்தான் அதிகம். முதல் பயணத்தில் தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டு எச்சரிக்கை வாங்கினான். சாயக்கூடாது, பாக்கெட்டில் கை விடக்கூடாது, பயணிகள் நடமாடும் இடத்தில் போனைத் தொடவே கூடாது. இன்று புதிதாக வருகிறவர்களின் நகத்தையும் சவரத்தையும் இவன்தான் சோதிக்கிறானாம். கூட்டாளிகள் சட்டாம்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மதியம் நானும் என் கணவரும் துறைமுக வேலியோரம் நின்றோம். அடுக்குமாடிக் குடியிருப்பொன்று தண்ணீரில் மிதந்து வந்த மாதிரி நின்றது கப்பல்.

“மிளகாய்கிட்ட தோத்த மாப்பிள்ளை எந்த மாடியில இருக்காரு?” என்றார் கணவர்.

“சும்மா இருங்க!”

போன் அடித்தது. “அக்கா, டாக்டர் கூப்பிடறாரு, வைக்கிறேன்!”

நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றேன். படிக்கட்டில் பயணிகள் வண்ண வண்ணமாக இறங்கினார்கள். நடுநடுவே கப்பல் ஊழியர்களின் வெள்ளைச் சட்டைகளும் தெரிந்தன. இந்தத் தூரத்தில் எல்லா முகமும் ஒன்றுதான். பொறுக்க முடியாமல் அவனுக்கு அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை.

“டாக்டர் விடலை போலிருக்கு” என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி.

“இல்லைங்க! அறையில இருந்தா எடுத்திருப்பான். படியில வரான். பயணிங்க நடுவுல போனைத் தொடக்கூடாதே!”

“யாரு, நம்ம வாலா?”

“சட்டாம்பிள்ளைங்க!” என்று வேலியில் எக்கினேன். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.