திர்சா இல்லம்

என் வகுப்பில் ஜெனிஷா என்ற பெயரில் மட்டும் ஒரு பெஞ்சு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். திர்சா நான் ஒருத்திதான். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் முதல் நாள் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து என்னிடம் தடுக்கி, "இதென்ன, திரைச்சீலையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு வருத்தமே இல்லை. பாவம், புதுசாக வந்தவர், ஊரைச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எங்கே பார்த்தாலும் என் பெயர்தானே எழுதியிருந்தது!

திருவட்டாற்றிலிருந்து எங்கள் ஊருக்குள் திரும்பும் முக்கில் அப்பாவின் பலசரக்குக் கடை. அதன் பெயர் திர்சா ஸ்டோர்ஸ். பெரியப்பாவின் டெம்போ நெற்றியில் மஞ்சள் எழுத்தில் திர்சா, இரண்டு பக்கமும் புறா. எங்கள் வீட்டு வாசல் தூணில் கறுப்புப் பளிங்கில் கொத்தியது, திர்சா இல்லம். சர்ச்சில் பெண்கள் பக்கம் சுற்றும் ஃபேனின் இறக்கையில்கூட 'அன்பளிப்பு: திர்சா, குவைத்' என்று இருந்தது. கரண்டு போனால்தான் அதை வாசிக்க முடியும். ஆராதனை நடுவில் கரண்டு போய் எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொள்ளும்போது நான் மட்டும் சந்தோஷமாக அண்ணாந்து பார்ப்பேன். குவைத் என்பதை என் இனிஷியல் மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். பெயர் எழுதாமல் விட்டுப்போன தண்ணீர்த் தொட்டியிலும் ஆட்டுக்கூட்டிலும் நானே கரியால் எழுதிவைத்தேன்.

குவைத்தில் இருக்கும் அத்தையின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள் என்று தெரியும். அத்தையின் பெயரை எனக்கு வைத்தார்கள், என் பெயரை மற்ற எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். என் கணக்கு அப்படி.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. நான் பிறக்கும் முன்பே போனவள். அங்கே ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அவள் ஒரு போன் குரல், அப்புறம் கோடாலி தைலமும் பால்பொடி டின்னும் அடைத்த அட்டைப்பெட்டி. அவளுக்குக் கல்யாணம் பேசும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எதையாவது கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று அம்மா ஒருதரம் யாரிடமோ சொன்னாள். கட்டி முடிந்தபோது கல்யாணப் பேச்சும் முடிந்துவிட்டிருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த லீவில் அத்தை வந்தாள். டெம்போவிலிருந்து இறங்கி, பெட்டியைக்கூடக் கவனிக்காமல் வாசல் தூணருகே போய் நின்றாள். பளிங்கில் இருந்த எழுத்துக்களை விரலால் தடவினாள். "நல்லாக் கொத்தியிருக்காவ," என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி, ஓர் ஓரமாக, விருந்தாளி விடுவதுபோல விட்டாள்.

வீட்டில் இரண்டு திர்சா ஆனதும் குழப்பமும் வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து "ஏட்டி திர்சா" என்பாள். நான் "என்ன" என்பேன், அத்தை "என்ன மைனி" என்பாள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "உன்னைய இல்ல, அந்த வாலில்லாதத," என்பாள். இரண்டு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அத்தைக்கு மட்டும் பழகவே இல்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுவாள்.

ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கடைக்குப் போனோம். அப்பா சோடா உடைத்துக் கொடுத்தார். அத்தை மற்ற ஆட்கள் நிற்கும் இடத்தில், மிட்டாய்ப் பாட்டில்களுக்கு இந்தப் பக்கம் நின்றே குடித்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோல ஒரே கேள்வி கேட்டார்கள். "வந்தியா திர்சா? எப்ப போவுத?" வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் விசாரிப்பது. அத்தை எல்லோரிடமும் "பாக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஃபேனைக் காட்டினேன். கிழவிகள் சூழ்ந்துகொண்டார்கள். "இவதான் அந்த ஃபேன் திர்சாவா? நல்ல காத்து கேட்டியா மக்கா. ஆனா மூணுல வச்சா கறகறாண்ணு கெடக்கு." அத்தை சிரித்தாள். அவள் அவ்வளவு சிரித்து அதன்பின் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஆராதனைக்கு முன்னால் சண்டே ஸ்கூல் நடந்தது. டீச்சரிடம் நான் என் பெயரைப் பற்றிக் கேட்டேன். டீச்சர் சொன்னதில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வேதத்தில் அப்பா இறந்துபோன ஐந்து அக்கா தங்கைகள் இருக்கிறார்களாம். கடைக்குட்டியின் பெயர் திர்சா. ஐந்து பேரும் சபைக்கு முன்னால் போய் நின்று, எங்கள் அப்பாவின் நிலத்தில் எங்களுக்குப் பங்கு தாருங்கள் என்று கேட்டார்களாம். கேட்டது நியாயம், கொடுத்துவிடு என்று கடவுளே சொன்னாராம். இப்படிப்பட்ட பெயரையா அந்தப் பள்ளிக்கூட டீச்சர் திரைச்சீலை என்றார்!

மத்தியானம் பெரியப்பாவும் எங்களோடு சாப்பிட வந்திருந்தார். இறைச்சிக் கறி. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, நான் இனி போவல்ல," என்றாள்.

அப்பா சோறு பிசைவதை நிறுத்தவில்லை. "லீவு நீட்டிக் கேக்கணுமா?"

"லீவு இல்ல. போவவே இல்ல. அந்தப் பிள்ளியளெல்லாம் வளந்தாச்சு. எனக்கும் முட்டு நோவுது. இஞ்சயே ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்."

"கெடக்கதுக்கு என்ன மக்கா," என்றார் பெரியப்பா. "வெளிய ஆருக்க பேரு எழுதியிருக்குண்ணு பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

அப்பா கறிக்குத் தட்டை நீட்டினார். கடை முன்னைப்போல ஓடவில்லை என்றார். மாடி எடுக்க நினைத்ததைப் பற்றிச் சொன்னார். அம்மாதான் குறுக்கே பேசினாள். "அவ என்ன மாடியா கேட்டா? பொறத்த அந்த ஷீட்டு அறைய ஒழிச்சுக் குடுத்தாப் போராதா?" வீட்டின் பின்னால் ரப்பர் ஷீட் அடுக்கிவைக்கும் சின்ன அறை அது. அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா எலும்பை உறிஞ்சியபடி தலையை ஆட்டினார். "ஒழிக்கலாம். ஒரு ஜன்னல் வைக்கணும்," என்றார். அத்தை நிமிர்ந்தாள். அவள் கண் அந்தப் பின்னறைப் பக்கம் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரத்தில் நானும் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன்.

"திர்சாண்ணா பங்கு கேக்குத பேராக்கும். தெரியுமா? வேதத்துல திர்சா நெலத்துல பங்கு கேட்டா. குடுத்துரணும்ணு கடவுளே சொல்லிட்டாரு."

கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் நின்றது.

பெரியப்பா எலும்பைத் தட்டில் வைத்தார். "இத ஆரு மக்கா சொல்லித் தந்தது?" குரல் ரொம்ப அன்பாக இருந்தது.

"சர்ச்சுலதான். இண்ணைக்குக் காலத்த நானும் அத்தையும் சேந்துதானே போனோம்."

"பிள்ளைய விட்டா கேக்கணும்?" என்றார் அப்பா. அவர் அத்தையைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல்ல அண்ணா."

"பிரமாணம் வேணும்ணா நேர சொல்லணும் திர்சா," என்றார் பெரியப்பா. சொத்துப் பத்திரத்தை எங்கள் பக்கம் பிரமாணம் என்பார்கள். "வீட்டுல உனக்க பேரு. கடையில உனக்க பேரு. எனக்க வண்டியிலயும் உனக்க பேரு. இந்த ஊருல எந்த அண்ணன்மாரு இப்படிச் செஞ்சிருக்காவ?"

அத்தை கையை உதறிவிட்டு மெதுவாக எழுந்தாள். "பேரு இருக்கு அண்ணா. பேர்ல ஒண்ணும் இல்லியே. அத நான் கேக்கவும் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். பேரு இருக்கு, பேர்ல இல்லை. விடுகதை மாதிரியே இருந்தது. விடை என்ன என்று கேட்கலாம் என்று பார்த்தால், அம்மா என் தொடையில் கிள்ளி, "தின்னுட்டு எழும்பு," என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் அத்தையை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஷீட்டு அறையை ஒழிக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அப்பா கடையிலிருந்து தாமதமாக வரத் தொடங்கினார். பெரியப்பா வந்தாலும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். அம்மா ஒருநாள் அடுக்களையில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் உள்ளே போனதும் இருவரும் மரச்சீனிக் கிழங்கைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒரு காலையில் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "டிக்கெட் எடுத்தாச்சு," என்றார். மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னார். எடுத்தது யார் என்று அதில் இல்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் பெரியப்பாவின் டெம்போவில் போனோம். அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். அத்தை மடியில் உட்கார்ந்து வழி முழுவதும் பேசிக்கொண்டே போனேன். அவள் என் தலையில் தாடையை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

பெட்டியை ஏற்றத் தள்ளுவண்டி எடுத்துவரப் பெரியப்பா போனார். நானும் அத்தையும் மட்டும் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் நின்றோம். அத்தை குனிந்தாள்.

"மக்கா, ஒருக்கா எனக்க பேரச் சொல்லி விளிக்கியா?"

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாயிலேயே போடுவாள். அதோடு, என் பெயரை நானே எப்படிக் கூப்பிடுவது? எனக்குக் கூச்சமாக இருந்தது. "எதுக்கு அத்தை?" என்றேன்.

"அங்க ஆரும் அப்படி விளிக்க மாட்டாவ. எனக்கு முன்ன அந்த வீட்டுல வேலைக்கு நின்னவளுக்கு மேரிண்ணு பேரு. நான் போனப்பம் பிள்ளியளுக்கு வாயில வேற பேரு வரல்ல. அவியளும் அப்படியே விட்டுட்டாவ. போன நாளு முதல் நான் மேரிதான்."

"அப்பம் அத்தைக்கு ரெண்டு பேரா?"

அத்தை என்னைப் பார்த்தாள். "ஆமா மக்கா," என்றாள். "ரெண்டு பேரு."

பெரியப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். என் முகத்தில் ஒன்றும் இல்லை. கதவு தானாகத் திறந்து, அவளை வாங்கிக்கொண்டு, தானாக மூடிக்கொண்டது.

திரும்பும்போது ஜன்னலோர இருக்கை முழுவதும் எனக்கு. ஆனாலும் மனசு சரியில்லை. வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரு பெயர்தான். அத்தை அதையும் எடுத்துக்கொண்டு, குவைத்தில் தனக்கென்று இன்னொன்றும் வைத்திருக்கிறாள்.

"பெரியப்பா, எனக்கும் இன்னொரு பேரு வைக்கியளா?"

"இருக்கது போராதா?"

"அத்தைக்கு மட்டும் ரெண்டு இருக்கே."

பெரியப்பா கியர் மாற்றினார். களியக்காவிளை தாண்டும்வரை என் பொறாமை அடங்கவில்லை.