மலையை மறைத்த கீற்றுக் கொட்டகை

செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவுக்கு மலை வடக்கே நிற்கிறது. முழங்கால் போனதிலிருந்து கிரிவலம் வர முடியாத என் மனைவி, கார்த்திகை தீபத்தை எங்கள் மொட்டைமாடியில் நின்றே கும்பிட்டு வந்தாள்.

போன ஆண்டு வடக்குப் பக்கத்துக் காலிமனையைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கி, வெளிநாட்டவர் மாதக்கணக்கில் தங்க ஒரு விடுதி கட்டினார். வரைபடம் போட்டவர் ஐரோப்பியர். அவருக்குத் தமிழ் மரபின்மேல் அளவற்ற மதிப்பு. ஆகவே காரைக்குடித் தூண்கள் லாரியில் வந்தன; கேரளத்து ஓடுகள் வந்தன; கான்கிரீட் சுவருக்கு மண் பூசி, உள்ளே ஏசி மாட்டினார்கள். இந்த ஊரில் யாரும் எக்காலத்திலும் வாழ்ந்திராத ஒரு பழைய வீடு எங்கள் கண்ணெதிரே புத்தம்புதிதாக எழுந்தது. உச்சியில் தியானத்துக்கென்று பெரிய கீற்றுக் கொட்டகை. எங்கள் மாடியிலிருந்து மலை அதோடு முடிந்தது.

நான் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழும் என்று தெரியும். அனுமதித்ததற்கு மேல் ஒரு மாடி கட்டியிருக்கிறார்கள் என்று முறைப்படி எழுதிக் கொடுத்தேன். பார்வையிட வந்த அலுவலர் அண்ணாந்து பார்த்தார்.

"கீத்துக் கொட்டாதான சார். தற்காலிகம்னு காட்டியிருக்காங்க. மாடிக் கணக்குல வராது."

"கீத்தைத் தூக்கிப் பாருங்க. உள்ள இருக்கிற இரும்பு உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"தூக்கிப் பாக்கணும்னா அதுக்குத் தனி உத்தரவு வேணுமே. உங்களுக்குத் தெரியாததா சார்?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். இதே தெருவில் சைக்கிள் கடைக்காரர் மழைக்குத் தகரம் இறக்கியபோது, ஒரு உத்தரவும் இல்லாமல் ஒரே காலையில் பிரித்துப் போட்டார்கள். தகரம் மரபுக் கட்டடக்கலையில் சேராது போலும்.

தீபத்துக்கு முந்தின நாள் விடுதிக்காரரே வந்தார்.

"அம்மாவை மேல அனுப்புங்க சார். லிஃப்ட் இருக்கு. மலை அப்படியே கைக்கு எட்டுற மாதிரி தெரியும்."

"எங்க மாடியிலயும் தெரிஞ்சுதுங்க, நீங்க வர்ற வரைக்கும்."

அவர் நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போனார்.

"அங்க போனா அந்தக் கொட்டாயை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் என் மனு என்ன ஆவுறது?" என்றேன் மனைவியிடம்.

"மனு உங்களுது. முட்டி என்னுது. உங்க மனு ஜெயிக்கிற வரைக்கும் நான் இருக்கணுமேங்க."

மறுநாள் சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நான் எங்கள் மாடியில் நின்றேன். ஊர் முழுக்க "அரோகரா" என்று குரல் எழுந்தது. என் எதிரே மண் பூசிய கான்கிரீட், அதற்கு மேல் கீற்று.

திரும்பி வந்தவளிடம், "நல்லா தெரிஞ்சுதா?" என்றேன்.

"ரொம்ப நல்லா. அங்கிருந்து நம்ம மாடியும் தெரிஞ்சுது. ஊரே மலையைக் கும்பிடுது, நீங்க ஒருத்தர் செவுத்தைக் கும்பிட்டுட்டு நிக்கிறீங்க." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க."

சொந்த ஊர் மலையைப் பார்க்க இனி அழைப்பு வர வேண்டும். மறுநாள் காலையிலேயே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன்.