வெளிச்சம் எட்டாத புண்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த மாரியாயியின் மூத்த மகள் தனலெட்சுமி. தொழிலாளர் வரிசை வீடுகளான அவர்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். 2008இல் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். கிருமிகளோடு நீலச் சாயம் ஒன்றைக் கலந்து சிவப்பு வெளிச்சம் அடித்தால் கிருமிகள் சாகும். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களையும் சேர்த்தால் இன்னும் வேகமாகச் சாகும். எவ்வளவு சேர்த்தால் எத்தனை மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

அந்த ஐப்பசி மழையில், கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்று மாரியாயியின் காலில் குத்தியது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். சீனி வியாதிக்காரி, வலி தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் புருஷன் ரெங்கசாமி அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தனலெட்சுமி பஸ் பிடித்து வந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு மருந்துகளுக்கும் அந்தக் கிருமி மசியாது என்று பரிசோதனை முடிவு வந்திருந்தது. வார்டு டொக்டர் பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். தன் ஆய்வுக்கு, புண்ணிலிருந்து எடுத்த கிருமியில் கொஞ்சம் அவரிடம் கேட்டாள். அவர் தயங்காமல் அனுமதி எழுதிக்கொடுத்தார்.

கண்டியில் அந்தக் கிருமியோடு சாயத்தையும் தங்கத்தையும் கலந்து, வெளிச்சம் அடித்து, தட்டில் பூசி வைத்தாள். மறுநாள் ஒரு புள்ளிகூட முளைத்திருக்கவில்லை. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் சுத்தம். தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு பதுளைக்கு ஓடினாள்.

"டொக்டர், எல்லாம் செத்துருச்சுங்க. அம்மாவுக்கும் செஞ்சு பாக்கலாங்களா?"

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பிள்ளை, இது தட்டு. அம்மான்ரை காலிலை கிருமி எலும்பு வரைக்கும் போயிட்டுது. வெளிச்சம் தோலுக்குக் கீழை எவ்வளவு தூரம் போகும், நீங்களே சொல்லுங்கோ."

அவளுக்குத் தெரியும். "சில மில்லிமீட்டர்தாங்க."

"மனிசரிலை சோதிக்காத மருந்து வேறை. நான் விடமாட்டன். முழங்காலுக்குக் கீழை வெட்டத்தான் வேணும். நாளைக்கே."

மாரியாயிக்கு விஷயம் தெரிந்திருந்தது. "லெச்சுமி, ஒன் வெளிச்சத்த எங்காலுல அடிச்சுப் பாரேன். காலு இல்லாட்டி மலையில எப்படிப் புள்ள நிப்பேன்?"

"அது உள்ள போவாதும்மா."

"அப்ப எதுக்குப் புள்ள அது?"

தனலெட்சுமி போர்வையை இழுத்துவிட்டாள்.

காலை வெட்டி எடுத்தார்கள். அதற்கு முன்பே கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. ஆறாம் நாள் பகலில் மாரியாயி இறந்தாள். தோட்டத்து லொறியில் கொண்டுவந்து புதைத்தார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் ரெங்கசாமி மகளிடம் கேட்டார்.

"நீ அங்க கொன்ன கிருமிதானா இது?"

"ஆமாப்பா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தனலெட்சுமி வேலைக்குத் திரும்பினாள். சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கி, மெல்லிசாக அரிந்து, கிருமிகளை அதனால் மூடி, மேலிருந்து வெளிச்சம் அடித்தாள். ஒவ்வொரு துண்டாகக் கூட்டிப் பார்த்தாள். இறைச்சியின் தடிப்பு அரை அங்குலம் ஆனபோது, தங்கம் சேர்த்தும் கிருமிகள் அப்படியே உயிரோடிருந்தன. வெளிச்சம் தோற்றதைச் சொல்லும் அந்தப் பக்கம் அறிக்கையில் வேண்டாமே என்றார் ஆய்வுகூடத்துப் பேராசிரியர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் அறிக்கை அந்தப் பக்கத்தோடுதான் போனது.